எங்கள் ஊர் ஆகாயம்

மொரப்பூர் ரயில் நிலையத்தில் இறங்கி வடக்கு நோக்கி வரும் பிரயாணிக்குக் கம்பைநல்லூர் முதலில் செம்மண் காடுகளாகவும், பிறகு தென்னந்தோப்புகளாகவும், அதன் பிறகே வீடுகளும் கடைத்தெருவுமாகவும் காட்சி தரும். ஊரின் பெயரையே தாங்கிய சிற்றாறு ஒன்று, வருஷத்தில் பெரும்பகுதி வெறும் மணலாகக் கிடந்து, மழைக்காலத்தில் மட்டும் நீர் பெருகி, தென்பெண்ணையில் போய்ச் சேருகிறது. தென்பெண்ணையோ கர்நாடகத்து நந்தி மலைப் பக்கத்தில் பிறந்து, கிருஷ்ணகிரி அணையில் தங்கி, எங்களுக்கு அண்மையிலுள்ள இருமத்தூரைத் தொட்டுக்கொண்டு, சாத்தனூர் அணையைக் கடந்து, கடலூர் அருகே சமுத்திரத்தில் கலக்கிறது. இத்தனை ஆற்றுப் பெயர்களைச் சொன்னபோதிலும், எங்கள் பிரதேசத்து விவசாயம் ஆகாயத்தை நம்பிப் பிறந்த விவசாயமே ஆகும். சாமையும் ராகியும் கடலைக்காயும் துவரையும் கொள்ளும் விளைகின்ற மேட்டுக் காடுகளில், தலையை நிமிர்த்தி மேகத்தைப் பார்ப்பது ஏர் பிடிப்பதற்குச் சமமான கடமையாக அக்காலத்தில் மதிக்கப்பட்டது.

நான் பள்ளிச் சிறுவனாக இருந்தபோதுதான், 1965ஆம் வருஷம் அக்டோபர் 2ஆம் தேதி, சேலம் மாவட்டத்திலிருந்து பிரிந்து தருமபுரி தனி மாவட்டமாயிற்று. அந்த நாட்களில் எங்கள் ஊர்ப் பெரியவர்களிடம் ஆகாயத்திற்கென்றே ஒரு பூகோள சாஸ்திரம் இருந்தது. எந்த மாதத்தில், எந்தத் திசையில், எந்த வேளையில் மேகம் எழுந்தால் என்ன நடக்கும் என்பதை அவர்கள் ஏட்டில் எழுதி வைக்காமலே கிரமமாக அறிந்திருந்தார்கள். என் பெரியப்பா அதில் தேர்ந்தவர். சித்திரை, வைகாசியில் கோடை மழை தெற்கே சேர்வராயன் மலைப் பக்கத்திலிருந்தோ, மேற்கே பாலக்கோட்டுப் பக்கத்திலிருந்தோ கிளம்பும். ஆடியில் மேல்காற்று ஓயாமல் அடிக்கும், மேகம் ஓடும், ஆனால் துளி விழுவது அரிது. ஆவணி, புரட்டாசியில் அதே மேற்குத் திசை பிற்பகலில் கறுத்து, பொழுது சாய்ந்தபின் இடியோடு கொட்டும். ஐப்பசியில் காற்றுத் திரும்பிவிட்டால், கிழக்கே தீர்த்தமலைக்கு அப்பாலிருந்து தணிந்த மேகங்கள் வந்து நாள் முழுதும் நிற்கும் என்று அவர் சொல்லுவார். பின்னாளில் மழைக் கணக்குகளை நான் படித்துப் பார்த்தபோது, நாகப்பட்டினத்தைப் போல வடகிழக்குப் பருவத்தை மாத்திரமோ, கேரளத்தைப் போலத் தென்மேற்குப் பருவத்தைப் பிரதானமாகவோ நம்பியிராமல், இரண்டு பருவங்களிலிருந்தும் பங்கு பெற்று, வருஷத்துக்குச் சுமார் 850 முதல் 950 மில்லிமீட்டர் வரை மழை காணும் பிரதேசம் எங்களுடையது என்றும், புரட்டாசியும் ஐப்பசியுமே கனத்த மழைக்கு உரியவை என்றும் கண்டேன். பெரியப்பாவின் வாய்மொழிக்கும் அந்த அட்டவணைகளுக்கும் விரோதம் ஏதும் இல்லாதது எனக்கு மிகுந்த சந்தோஷத்தைத் தந்தது.

மழையை முன்னறியும் ஆவலுக்கு எங்கள் நாட்டில் நீண்ட சரித்திரம் உண்டு. சித்திரை மாதப் பிறப்பன்று பஞ்சாங்கம் வாசிக்கப்படும்போது, அந்த வருஷத்து ராஜா யார், மந்திரி யார் என்பவற்றைப் பொறுமையாகக் கேட்டுக்கொண்டிருக்கும் ஜனங்கள், மேகாதிபதி யார், எத்தனை மரக்கால் மழை என்ற இடம் வந்தவுடன் நிமிர்ந்து உட்காருவார்கள். ஆவர்த்தம், சம்வர்த்தம், புஷ்கலம், துரோணம் என்று புராதன நூல்கள் மேகங்களுக்கு இட்ட பெயர்கள் சிறுவனான என் செவிக்குக் கம்பீரமாக ஒலித்தன. மார்கழியில், சூரியன் பூராட நட்சத்திரத்தில் சஞ்சரிக்கும் நாட்களைக் கர்ப்போட்டம் என்று சொல்லி, அந்நாட்களில் மேகம் ஓடுகிறதா, எந்தத் திசை நோக்கி ஓடுகிறது என்று விடியற்காலையிலேயே பார்த்து வைத்துக்கொள்ளும் வழக்கமும் இருந்தது. மேகம் அப்போது கருக்கொண்டால் பின்னர் உரிய காலத்தில் மழையாகப் பிரசவிக்கும் என்பது நம்பிக்கை. ஆறாம் நூற்றாண்டைச் சேர்ந்த வராஹமிஹிரர் தம்முடைய பிருஹத் சம்ஹிதையில் இக்கருத்தை ஓர் அத்தியாயமாகவே விரித்து, கருக்கொண்ட நாளிலிருந்து 195ஆம் நாளில் மழை என்று கணக்கும் கூறியிருக்கிறார். இன்றைய விஞ்ஞானம் அந்தக் கணக்கை ஏற்பதில்லை. எனினும், குளிர்கால விடியலில் கம்பளியைப் போர்த்திக்கொண்டு களத்துமேட்டில் நின்று, மேகம் எங்கிருந்து எங்கே போகிறது என்று தினந்தோறும் குறித்து வைத்த ஒரு சமூகம், ஆகாயத்தைக் கவனிக்கும் பழக்கத்தைத் தலைமுறை தலைமுறையாகக் காப்பாற்றிக் கொடுத்தது என்பதை நான் நன்றியோடு நினைக்கிறேன்.

அடுத்து வந்தது வானொலி. பஞ்சாயத்து வானொலியின் ஒலிபெருக்கியிலிருந்து மாநிலச் செய்திகள் முடியும் தறுவாயில், சென்னை வானிலை ஆய்வு நிலையம் வெளியிட்ட முன்னறிவிப்பு வரும். அந்த வார்த்தைகள் எங்களுக்கெல்லாம் மனப்பாடமாகிவிட்டிருந்தன. அடுத்த 24 மணி நேரத்தில் வட தமிழகத்தில் ஓரிரு இடங்களில் இடியுடன் கூடிய மழை பெய்யக்கூடும். உள் மாவட்டங்களில் பொதுவாக வறண்ட வானிலை நிலவும். வெப்பநிலையில் குறிப்பிடத்தக்க மாறுதல் இருக்காது. 1875இல் தோன்றிய இந்திய வானிலை ஆய்வுத் துறை, 1932இல் புனாவில் எல். ஏ. ராமதாஸ் அவர்களின் தலைமையில் விவசாய வானிலைப் பிரிவொன்றை அமைத்தது. 1945 முதல் விவசாயிகளுக்கென்றே வானிலை அறிக்கை தயாரித்து வானொலி மூலம் வழங்கத் தொடங்கியது. பாலக்காட்டில் பிறந்து, சர் சி. வி. ராமனிடம் பயின்ற ராமதாஸ், தரைக்கு அருகிலுள்ள காற்றும் பயிரும் சம்பந்தப்படும் விதத்தை ஆயுள் முழுதும் ஆராய்ந்தவர். எங்கோ ஒரு மூலையில், திண்ணையில் உட்கார்ந்து காது கொடுக்கும் மேட்டுக் காட்டு விவசாயிக்காக இப்படிப்பட்ட மேதைகள் உழைத்தார்கள் என்பதை அறியாமலேதான் நாங்கள் அந்த அறிக்கையைக் கேட்டுவந்தோம்.

மேகங்களின் பெயர்களை எனக்குக் கற்பித்தவர் பூகோள பாடம் நடத்திய எங்கள் ஆசிரியர். 1802ஆம் வருஷம் டிசம்பர் மாதத்தில், லண்டன் நகரத்து மருந்து வியாபாரியான லூக் ஹோவர்டு என்பவர், நொடிக்கு நொடி உருமாறும் மேகங்களுக்கும் ஜாதிப் பிரிவு உண்டென்று ஒரு சிறு சபையில் எடுத்துரைத்து, சிர்ரஸ், குமுலஸ், ஸ்ட்ராட்டஸ், நிம்பஸ் என்று லத்தீன் பெயர்கள் இட்டார். ஜெர்மானிய மகாகவி கெதே அதைப் படித்து உள்ளம் பூரித்து அவரைப் பாராட்டிக் கவிதை எழுதினார் என்று ஆசிரியர் சொன்னதும், அவற்றையே தமிழில் கீற்று, திரள், படை, கார் என்று கரும்பலகையில் எழுதியதும் இன்னும் என் ஞாபகத்தில் இருக்கின்றன. இவற்றின் சேர்க்கையால் உலகமெங்கும் இன்று அங்கீகரிக்கப்பட்ட பத்து மேக இனங்கள் உண்டாகின்றன. ஆனால் அவர் பெயர்களோடு பாடத்தை முடித்துக்கொள்ளவில்லை. வகுப்பை வேப்பமரத்தடிக்கு அழைத்துச் சென்று, ஆகாயத்தை எட்டுக் கூறுகளாக மனத்தில் பிரித்துக்கொண்டு, எத்தனை கூறு மேகத்தால் மூடியிருக்கிறது என்று சொல்லப் பழக்கினார். அந்த எட்டின் கணக்கைத்தான் இன்றும் வானிலை நிலையங்கள் மேகமூட்டத்துக்கு அளவாக உபயோகிக்கின்றன.

பகற்பொழுதில் எங்கள் ஊரில் அதிகமாகக் காணப்படுவது திரள் மேகம். காலை பத்து மணி வரை நிர்மலமாக இருந்த வானத்தில், வெயில் ஏற ஏற அது சிறு சிறு வெண்திரள்களாகப் பூக்கும். மேல்புறம் எத்தனை மேடு பள்ளமாக இருந்தாலும், அடிப்புறம் மட்டும் மட்டப்பலகை வைத்துத் தேய்த்தாற்போலச் சமமாக இருப்பதன் காரணத்தை ஆசிரியர் விளக்கினார். தரையில் சூடேறிய காற்று மேலே எழும்பும்போது, ஒவ்வொரு கிலோமீட்டருக்கும் ஏறக்குறைய 10 டிகிரி செல்சியஸ் குளிர்கிறது. அதிலுள்ள ஈரம் துளியாக மாறும் உயரத்தை எட்டியவுடன் மேகம் பிறக்கிறது. அந்த உயரம் ஒரு வட்டாரம் முழுவதற்கும் ஏறத்தாழ ஒன்றாகவே இருப்பதால் எல்லாத் திரள்களுக்கும் அடிமட்டம் ஒன்றாகிறது. காற்றின் வெப்பநிலைக்கும், அதன் ஈரம் துளியாக மாறத் தொடங்கும் வெப்பநிலையாகிய பனிநிலைக்கும் உள்ள வித்தியாசத்தை 125ஆல் பெருக்கினால் மேகத்தின் அடிமட்ட உயரம் மீட்டரில் கிடைத்துவிடும். சித்திரை மாதத்தில் வெப்பம் 36 டிகிரியும் பனிநிலை 20 டிகிரியுமாக இருந்தால் மேகம் 2,000 மீட்டர் உயரத்தில் நிற்கும்; ஐப்பசியில் அவை 30, 22 என்று நெருங்கும்போது அதே மேகம் 1,000 மீட்டருக்கு இறங்கிவிடும். மேகம் தணிந்து ஓடினால் மழை என்று பெரியவர்கள் சொன்னதன் உட்பொருளை இந்தக் கணக்கு எனக்குத் தெளிவாக்கியது. உயரத்திலிருந்து விழும் துளி வறண்ட காற்றில் பாதி வழியிலேயே ஆவியாகிவிடும். தணிந்த மேகத்தின் துளியோ மண்ணை வந்தடையும். அரைக் கிராம் நீரே ஒரு கன மீட்டரில் உண்டென்று வைத்துக்கொண்டாலும், ஒரு கன கிலோமீட்டர் அளவுள்ள சாதாரணத் திரள் மேகத்தில் 500 டன் நீர் இருக்கும் என்று அவர் கணக்கிட்டுக் காட்டியபோது, வகுப்பே அண்ணாந்து பார்த்தது.

திரள் மேகம் எப்போது சாதுவாகக் கலையும், எப்போது இடிமேகமாக வளரும் என்பதுதான் எங்கள் ஊரில் ஜீவனப் பிரச்சினை. ஆவணி மாதக் கடைசியில் ஒரு நாள், பிடுங்கி ஆய்ந்த கடலைக்காய் களம் நிறையக் காய்ந்துகொண்டிருந்தது. முந்தின மாலை வானொலியில் ஓரிரு இடங்களில் மழை என்றுதான் சொல்லியிருந்தார்கள். அந்த ஓரிரு இடங்களில் நம் ஊர் வராது என்று அக்கம்பக்கத்துக் களத்தார் சமாதானமாக இருந்தார்கள். பிற்பகல் மூன்று மணியளவில் மேற்கே ஒரு திரள் மற்றவற்றை விட்டுத் தனியே உயர்ந்தது. அதன் விளிம்பு முதலில் கத்தரித்து வைத்தாற்போல் கூர்மையாக இருந்தது. பிறகு உச்சி மட்டும் தெளிவிழந்து, நார் நாராகப் பிரிந்து, மேற்குப் புறமாகச் சாய்ந்து விரிந்தது. அதைக் கண்ட சிறுவர்களாகிய நாங்கள், மேகம் மேற்கே திரும்பிப் போகிறது என்று மகிழ்ந்தோம். பெரியப்பா கண்ணுக்கு மேல் கையை வைத்துச் சிறிது நேரம் பார்த்தார்.

“தலதான் மேக்க சாஞ்சிருக்குது கண்ணு, ஒடம்பு நம்ம பக்கம்தான் நடக்குது. கடலக்காய வாரிக் குமிங்க” என்றார்.

பெண்களும் பிள்ளைகளுமாகக் கூடி அள்ளிக் குவித்து, சோளத்தட்டையும் சாக்கும் போட்டு மூடிய சிறிது நேரத்துக்கெல்லாம், மேற்கேயிருந்து சில்லென்ற காற்று புழுதியை வாரிக்கொண்டு வந்தது. அதன் பின்னாலேயே ஆலங்கட்டியோடு மழை இறங்கியது. அது எங்கள் களத்தையும் ஆற்றங்கரைத் தோப்புகளையும் நனைத்துவிட்டு, இருமத்தூர்ச் சாலையில் பாதி தூரம் மட்டும் போய் நின்றது. சாலையின் மறுபாதி காய்ந்தபடியே கிடந்ததை மறுநாள் பார்த்தோம். வானொலி சொன்னதும் மெய். பெரியப்பா சொன்னதும் மெய்.

மேகத்தின் தலை ஒரு திசையிலும் உடல் மறு திசையிலும் போவது எப்படி என்று நான் ஆசிரியரைக் கேட்டேன். தரைக்கு அருகே தென்மேற்குப் பருவக்காற்று மேற்கிலிருந்து கிழக்கே வீசிக்கொண்டிருக்கும் அதே மாதங்களில், சுமார் 14, 15 கிலோமீட்டர் உயரத்தில், கிழக்கிலிருந்து மேற்கு நோக்கி மணிக்கு 100 கிலோமீட்டருக்கும் மேற்பட்ட வேகத்தில் ஒரு காற்றாறு ஓடுகிறது. திபெத்தியப் பீடபூமியின் கோடை வெப்பத்தோடு சம்பந்தப்பட்ட அந்தக் கீழைத் தாரைக்காற்றை விரிவாக ஆராய்ந்து 1958இல் உலகத்துக்கு எடுத்துரைத்தவர், பின்னாளில் இந்திய வானிலைத் துறையின் தலைமைப் பதவியையும் வகித்த பி. கோட்டீஸ்வரம் அவர்கள். அந்தத் தாரையின் பாதை தென்னிந்தியாவின் மேலேயே செல்கிறது. இடிமேகத்தின் உச்சி அவ்வளவு உயரத்தை எட்டியவுடன் அந்தக் காற்று அதைப் பிடித்து மேற்கே இழுக்கிறது. கீழே உள்ள உடலோ தன் வழியே கிழக்கு நோக்கி நகருகிறது. ஆடி, ஆவணி மாதங்களில் எவரும் ஒரு கம்பத்தையோ கோபுர நுனியையோ அடையாளமாக வைத்துக்கொண்டு நின்று பார்த்தால், தணிந்த திரள்கள் கிழக்கே விரைவதையும், அவற்றுக்கு வெகு உயரத்தில் மெல்லிய கீற்றுகள் மேற்கே நகருவதையும் ஒரே சமயத்தில் பிரத்தியட்சமாகக் காணலாம். விமானமும் பலூனும் கொண்டு ஆராய்ந்தறிந்த ஒரு மகா உண்மையின் அடையாளத்தை, களத்துமேட்டில் நின்ற ஒரு விவசாயி தன் கண்ணாலேயே கண்டு, அதனால் ஒரு வருஷத்து விளைவைக் காப்பாற்றிக்கொண்டார் என்பதை நினைக்கும்போதெல்லாம் என் மனம் இருவரையும் வணங்குகிறது.

கீற்று மேகங்கள் மழை தருவதில்லை. அவை 6 கிலோமீட்டருக்கு மேலே உறைபனித் துகள்களால் ஆனவை. ஆயினும் தூதுவர்கள் என்ற பெருமை அவற்றுக்கு உண்டு. அவை அடர்ந்து மெல்லிய திரையாகப் பரவும் இரவுகளில் சந்திரனைச் சுற்றி ஒரு பெரிய வளையம் தோன்றும். நிலா கோட்டை கட்டியிருக்கிறது என்பார்கள் எங்கள் ஊரில். எட்ட வட்டம் கிட்ட மழை, கிட்ட வட்டம் எட்ட மழை என்ற பழமொழி எங்கள் வீட்டு வாசலில் எத்தனையோ இரவுகளில் ஒலித்திருக்கிறது. கையை முழுதும் நீட்டி விரல்களை அகல விரித்து, கட்டைவிரல் நுனியைச் சந்திரன்மேல் வைத்தால், சுண்டுவிரல் நுனி அநேகமாக அந்தப் பெரிய வளையத்தைத் தொடும். அந்த இடைவெளி சுமார் 22 பாகை. அறுகோண வடிவுள்ள பனித் துகள்களினூடே ஒளி வளைந்து வரும்போது எப்போதும் அதே அளவில்தான் அந்த வளையம் உண்டாகும். சந்திரனை ஒட்டினாற்போல் வண்ணம் காட்டும் சிறிய வட்டமோ, இடைநிலை உயரத்தில், உழுத காட்டின் மண்கட்டிகளைப் போலப் பரந்து கிடக்கும் மேகங்களின் நீர்த்துளிகளால் உண்டாவது. பெரிய வளையத்தைத் தரும் உயர்ந்த திரை, ஐப்பசி, கார்த்திகையில் வங்காள விரிகுடாவில் உருவாகும் தாழ்வழுத்தத்தின் முன்னணிப் படையாக வருவதுண்டு. ஆதலால் அந்தப் பழமொழிக்கு அம்மாதங்களில் கணிசமான ஆதாரம் இருக்கிறது.

அத்தகைய தாழ்வழுத்தம் உள்நாட்டை நெருங்கும்போது, திரை தடித்து, சூரியன் மங்கிய வட்டமாகத் தெரிந்து, பின் மறைந்து, கடைசியில் கார்படை மேகம் ஆகாயத்தை ஒரே சாம்பல் நிறமாக மூடிவிடும். இதற்கு உருவமில்லை, விளிம்பில்லை, இடி முழக்கமும் அநேகமாக இல்லை. ஆனால் ஏரியை நிரப்புவதும் கிணற்றில் ஊற்றுக் கண்ணைத் திறப்பதும் இதன் நிதானமான அடைமழைதான். இடிமேகத்து மழை ஓர் உழவுக்கு உதவும். கார்படை மேகத்து மழை ஒரு வருஷத்துக்கு உதவும். எங்கள் செம்மண்ணில் இருபது, இருபத்தைந்து மில்லிமீட்டர் பெய்தால் பெரியப்பா அதை ஓர் உழவு மழை என்று அங்கீகரிப்பார். ஒரு மில்லிமீட்டர் மழை ஓர் ஏக்கரில் ஏறக்குறைய 4,000 லிட்டர் தண்ணீர் என்பதை எண்ணினால், அந்த ஓர் உழவின் செல்வம் புலனாகும். இந்த மேகம் வராத வருஷத்தின் துயரத்தையும் நாங்கள் அறிவோம். 2016இல் வடகிழக்குப் பருவமழை தமிழகம் முழுவதிலும் வழக்கத்தைவிட 62 சதவீதம் குறைந்து போயிற்று. அடுத்த ஜனவரியில் மாநிலமே வறட்சிப் பிரதேசமாக அறிவிக்கப்பட்டது. அந்தக் கார்த்திகையில் எங்கள் ஊர் ஆகாயத்தில் கீற்றுகளும் சிறு திரள்களும் தினமும் வந்து போயின. தென்னைகள் மட்டை தொங்கி நின்றன.

இன்று முன்னறிவிப்பு வானொலியைக் கடந்து கைப்பேசிக்கு வந்துவிட்டது. வானிலைத் துறையும் தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகமும் சேர்ந்து, செவ்வாய்க்கிழமையும் வெள்ளிக்கிழமையும், மாவட்டந்தோறும் அடுத்த ஐந்து நாட்களுக்கான மழை, வெப்பம், காற்று, ஈரப்பதம், மேகமூட்டம் ஆகியவற்றைக் கணித்து விவசாய ஆலோசனையோடு வழங்குகின்றன. வியாழக்கிழமைதோறும் அடுத்த இரண்டு வாரங்களின் போக்கை உரைக்கும் அறிக்கையும் வெளிவருகிறது. இவற்றைப் படிக்கும் முறையை அறிந்தவர்களுக்கு இவை பெரும் பொக்கிஷம். ஓரிரு இடங்களில் என்றால், அந்தப் பிரதேசத்து மழைமானி நிலையங்களில் கால்பங்குக்கு உட்பட்டவை மழை பெறும் என்பது பொருள். சில இடங்களில் என்றால் கால்பங்கிலிருந்து பாதி வரை. பல இடங்களில் என்றால் முக்கால்பங்கு வரை. பெரும்பாலான இடங்களில் என்றால் அதற்கு மேல். காலை 8.30 மணிக்கு மழைமானியில் அளந்த நீர் 64.5 மில்லிமீட்டரை எட்டினால் அது கனமழை, 115.6 மில்லிமீட்டரை எட்டினால் மிகக் கனமழை; 204.4 மில்லிமீட்டரையும் தாண்டினால் அதிகனமழை. இவ்வளவு நுட்பமான அளவைகளோடு பேசும் ஒரு சாஸ்திரத்தை, மழை நம் வாசலில் பெய்யவில்லை என்ற ஒரே காரணத்தால் பொய்யென்று சொல்லுவது நியாயமாகாது.

அதே சமயத்தில், அந்த சாஸ்திரத்தின் கண்ணுக்கும் ஓர் எல்லை இருக்கிறது. சென்னையிலுள்ள டாப்ளர் ரேடாரிலிருந்து எங்கள் ஊர் ஏறக்குறைய 235 கிலோமீட்டர் தூரம். ரேடாரின் கதிர் நேராகச் செல்ல, பூமி வளைந்து தாழ்ந்துகொண்டே போவதால், அரைப் பாகை சாய்வில் அனுப்பப்படும் கதிர் எங்கள் ஊரை அடையும்போது தரையிலிருந்து சுமார் 5 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும். ஓங்கி வளர்ந்த இடிமேகத்தின் மேற்பாதியை அது காணும். தணிந்த மேகத்தையும், அப்போதுதான் கருக்கட்டும் திரளையும் அது காணாது. அந்த ஐந்து கிலோமீட்டர் உயரம் வரை பார்த்துச் சொல்ல வேண்டியது களத்தில் நிற்பவருடைய கண்தான்.

2024ஆம் வருஷம் நவம்பர் 30ஆம் தேதி இரவு புதுச்சேரி அருகே கரையைக் கடந்த ஃபெஞ்சல் புயல் இதற்கு மறுபுறமான பாடத்தைக் கற்பித்தது. கரையிலேயே நெடுநேரம் நகராமல் நின்று வலுவிழந்த அது, மெல்ல மேற்கே நகர்ந்து எங்கள் பக்கம் வந்தபோது, டிசம்பர் 2ஆம் தேதி காலை வரையிலான ஒரே நாளில் எங்களுக்குக் கிழக்கே உள்ள ஊத்தங்கரையில் 50 சென்டிமீட்டரும், தென்கிழக்கே அரூரில் 33 சென்டிமீட்டரும் மழை கொட்டியது. எங்கள் பிரதேசம் ஒரு வருஷம் முழுதும் காணும் மழையில் பாதிக்கு மேற்பட்டதை ஊத்தங்கரை ஒரே நாளில் கண்டது. அன்று கம்பைநல்லூர் ஆகாயத்தை நான் காலை முதல் பார்த்துக்கொண்டே இருந்தேன். எட்டுக் கூறும் மூடிய சாம்பல் நிறத்தைத் தவிர அங்கே படிப்பதற்கு ஒன்றுமில்லை. அந்த மேகத்துக்குப் பின்னால் இன்னும் எத்தனை இருக்கிறது, எத்தனை மணி நேரம் நீடிக்கும் என்பதை எந்தப் பெரியவருடைய அனுபவமும் சொல்லியிராது. விண்வெளியில் நின்று பூமியைப் பார்க்கும் செயற்கைக்கோளும், கணிப்பொறியும், அவற்றைப் படிக்கும் வல்லுநர்களும்தான் சொல்ல முடியும். கண் எத்தனை தேர்ந்ததாயினும் அது அடிவானம் வரைதான் காணும். அதற்கு அப்பாலிருந்து வருவதை அறிக்கையைக் கேட்டுத்தான் அறிய வேண்டும்.

ஆகவே நான் என் ஆயுளில் கண்ட முடிவு இதுவே: வாரத்தை அறிக்கையிடம் கேட்க வேண்டும், வேளையை ஆகாயத்திடம் கேட்க வேண்டும். விதைப்பதா, நிறுத்தி வைப்பதா, அறுவடைக்கு ஆள் பேசுவதா என்ற தீர்மானங்களுக்கு ஐந்து நாள் கணிப்பு துணை செய்யும். களத்தை மூடுவதா, ஆட்டைப் பட்டிக்கு ஓட்டுவதா, காட்டிலிருந்து வீட்டுக்கு ஓடுவதா என்ற தீர்மானங்களுக்கு மேற்கே எழும் மேகத்தின் முகம் துணை செய்யும். இது பயிரைப் பற்றிய விஷயம் மட்டுமன்று. கோடையிலும் புரட்டாசியிலும் மின்னலுக்கு நம் கிராமங்கள் உயிர்ப்பலி கொடுக்கின்றன. புளியமரத்தடியில் ஒதுங்கியவர்களும், மேய்ச்சல் காட்டில் நின்றவர்களுமே பெரும்பாலும் அதற்கு இரையாகிறார்கள். மின்னலைக் கண்டபின் 30 விநாடிகளுக்குள் இடி கேட்டால், அது 10 கிலோமீட்டருக்குள் இருக்கிறதென்று அறிந்து உடனே கட்டடத்துக்குள் போய்விட வேண்டும்; கடைசி இடி முழங்கி அரை மணி கழியும் வரை வெளியே வரக்கூடாது. புனாவிலுள்ள வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் உருவாக்கிய தாமினி என்ற கைப்பேசிச் செயலி மின்னல் நெருங்குவதை எச்சரிக்கிறது. ஆனால் கைப்பேசி கையில் இல்லாத ஆட்டுக்காரச் சிறுவனுக்கும், திரள் மேகத்தின் உச்சி நார் நாராகப் பிரிவதைக் காணக் கண் இருக்கிறது. அதன் பொருளை அவனுக்கு யாராவது சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும்.

எங்கள் பக்கத்துப் பள்ளிக்கூடங்கள் ஒவ்வொன்றிலும் ஒரு மழைமானியும், பத்து மேகங்களின் படமும் இருக்க வேண்டும் என்பது என் நெடுநாளைய ஆசை. காலை 8.30 மணிக்கு ஒரு மாணவன் நீரை அளந்து பலகையில் எழுதட்டும். இன்னொருத்தி எட்டுக் கூறில் எத்தனை கூறு மேகம் என்று எண்ணி, அதன் இனத்தைக் குறிக்கட்டும். வெள்ளிக்கிழமை வெளிவரும் மாவட்ட அறிக்கையை ஒருவர் உரக்கப் படிக்க, அடுத்த புதன்கிழமை அதைத் தங்கள் பதிவோடு வகுப்பே ஒப்பிட்டுப் பார்க்கட்டும். செலவு சொற்பம், ஒரு வருஷம் முடிவதற்குள் அந்தப் பிள்ளைகள், அறிக்கை எதைச் சொல்லும், எதைச் சொல்லாது என்பதையும், தங்கள் ஊர் ஆகாயம் எதை முன்கூட்டிக் காட்டும், எதை மறைக்கும் என்பதையும் சுயமாக அறிந்துகொள்வார்கள். பெரியப்பாவின் கண்ணும் எங்கள் ஆசிரியரின் கணக்கும் ஒரே பிள்ளையிடம் சேர்ந்து வளர அதைவிட நல்ல வழி எனக்குத் தெரியவில்லை. ஆகாயத்தை நம்பிப் பிழைக்கும் ஒரு பிரதேசம் தன் குழந்தைகளுக்கு முதலில் கொடுக்க வேண்டிய கல்வியும் அதுவே.